இன்ட்டு போடாத சாவிக்கொத்து

கொரட்டூர்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி யூஜினுக்கு,

இங்கே நான் நலம், உன் மச்சான் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நலமா? ‘நலம்’ என்று ஒரே சொல்லில் பதில் வரும், தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் தொடங்க வராது.

இதென்ன புதிதாக ஈமெயில் என்று யோசிப்பாய். பெரியப்பா மகள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் பிரியாணி பற்றாமல் போன கதையை உனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன் அல்லவா? அதை நீ ஸ்பீக்கரில் போட, உன் அறையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்க, அதில் ஒருவன் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருக்க, நான் கொரட்டூரில் பேசியது மஸ்கட்டைச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போட்டது. இனிமேல் எழுத்துதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகு வீட்டில் சும்மா இருந்தேனா, எங்கள் அபார்ட்மெண்ட்டில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பால்கனியிலிருந்து கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டேன். உன் மச்சான் பயந்துபோய், மண்ணூர்பேட்டையில் ‘கைத்துணை’ என்று ஓர் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவுகிற இடம். ஆட்டோ உதிரி பாகக் கடைக்கு மேல் மாடி. படி ஏறினால் கிரீஸ் வாசனை, உள்ளே போனால் செயலாளர் தேவராஜ் சாரின் சென்ட் வாசனை.

அவர்களிடம் ஒரு வெப்சைட் இருக்கிறது. திறந்ததும் ‘வருக வருக’ என்று மஞ்சள் எழுத்து ஓடும். சுற்றிலும் கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி சிவப்பும் பச்சையும் மின்னும். நடுவில் தேவராஜ் சார் சால்வை வாங்கும் படம், சால்வை போடும் படம், இரண்டுக்கும் நடுவில் சால்வையை எதிர்பார்த்து நிற்கும் படம். போன வாரம் பாடியிலிருந்து பஞ்சவர்ணம் என்று ஓர் அம்மா வந்தார். அவர் மகளுக்கு மின்னுகிற வெளிச்சம் பட்டாலே வலிப்பு வந்துவிடுமாம். “ஏம்மா, இதுக்குன்னே ஆபீஸ் வச்சிக்கினு, இந்த லைட்ட எவன் போட்டான்? எம் பொண்ணு கையிலேர்ந்து போன புடுங்கிக்கினு வந்துகீறேன்” என்றார். எல்லோருக்கும் அப்படித் தூண்டாது, சிலருக்குத்தான். அந்தச் சிலர்தானே நம்மைத் தேடி வருகிறார்கள்?

ஆக, வெப்சைட்டைப் புதிதாகக் கட்டப்போகிறோம். எங்கள் நாலாவது மாடி ரோஷினி, ஐ.டி.காரி, சனி ஞாயிறில் செய்து தருகிறாள். மேற்பார்வை நான். முன்மாதிரி தயாரானதும் உனக்கு அனுப்புகிறேன். என் காபியிலேயே குற்றம் கண்டுபிடித்தவன் நீ, இதில் விடமாட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதே.

அன்பு அக்கா,
சாராள்

---

மஸ்கட்
22 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மச்சானையும் உன் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே வெயில் ஐம்பதைத் தொடுகிறது. கேம்ப்பிலிருந்து சைட்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற அதே வேலைதான். பஸ்ஸில் ஏ.சி. இருப்பதால் நான் பாக்கியவான், பின்னால் உட்காருகிறவர்கள் ஏறும்போதே தூங்கிவிடுகிறார்கள். நாக்கில் ஒரு புண், காரம் வைக்க முடியவில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

மின்னுவதை எடுப்பது நல்லது. கூடவே, திறந்தவுடன் வருஷத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் எடுக்கச் சொல். பயந்துகொண்டே திறக்கிறவன் அதைப் பார்த்தால் மூடிவிட்டுப் போய்விடுவான், மறுபடி திறக்கமாட்டான்.

இன்னொன்று. ‘அருகில் இருப்பவர்கள் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அருகில் யாரும் இல்லாதவன் என்ன செய்வது? சும்மா தோன்றியது, கேட்டேன்.

ஜெபிஷாவைப் பூந்தமல்லிப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வா. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி
யூஜின்

---

கொரட்டூர்
7 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நாக்குப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரைதான் மருந்து. மஸ்கட்டில் கிடைக்காது என்பாய். அப்படியானால் தேங்காய்ப் பால். சின்ன வயதிலிருந்தே நீ அவசரமாகத் தின்று நாக்கைக் கடித்துக்கொள்கிறவன்தானே. இங்கே எல்லோரும் நலம். உன் மனைவியைப் பார்த்தேன், புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கிறது, பேச பயமாக இருந்தது.

ஆபீஸில் ஒரே போர். மின்னல் பல்பை எடுக்கிறோம் என்றதும் தேவராஜ் சார், “இன்னா மேடம், லைட்டு மின்னலன்னா எவன் திரும்பிப் பாப்பான்? இழவு ஊடு மாரி கீது” என்றார். நான் சபீனாவைக் கூப்பிட்டேன். சபீனா வங்கியில் அதிகாரி, கண் பார்வை கிடையாது, நம் அறக்கட்டளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போன் எடுப்பார். அவருடைய போன், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். நம் வெப்சைட்டைத் திறந்தார். போன் வாசித்தது: “படம். படம். படம். படம்.” தேவராஜ் சாரின் அத்தனை சால்வைகளும் அந்த ஒரே சொல்தான். மனிதர் முகம் வாடிவிட்டது. “எம் பேராவது சொல்லலாமே” என்றார். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே விவரம் எழுதுகிறோம், அவருக்காகவே.

நீ கேட்ட கேள்வியையும் கேட்டேன், தனியாக இருப்பவன் என்ன செய்வான் என்று. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. திருவேற்காட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் ஓட்டுகிற ஒருவனை அவன் மனைவி இழுத்துக்கொண்டு வந்தாள். வலிப்பு வருகிறது, அதை மறைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான். வேன் நிறைய ஆட்கள். இவனையெல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும், இவனும் ஒரு மனிதனா என்று நான் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிய விதத்தை அவன் போன பிறகு நடித்தும் காட்டினேன். ஆபீஸே சிரித்தது. எனக்கு மேடை ஏறியிருக்க வேண்டிய ஜாதகம், கணக்குப் பிரிவில் வீணாகிவிட்டது.

நாக்கு ஆறியதா என்று எழுது.

அக்கா
சாராள்

---

கொரட்டூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி,

இங்கே யாவரும் சுகம். அங்கே சுகமா என்று தெரியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு மாதம் தாண்டிவிட்டது, பதில் இல்லை. ஜெபிஷாவிடம் கேட்டால், போன் வருகிறதாம், ‘சாப்பிட்டாயா, படுத்தாயா’ என்று இரண்டே கேள்வி, உடனே வைத்துவிடுகிறாயாம். என்மேல் கோபமா? கோபம் என்றால் எதற்கு என்றாவது எழுது. என்மேல் கோபப்பட ஊரில் பலருக்குப் பல காரணம் இருக்கிறது, எந்த வரிசையில் நீ நிற்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போனை எடுக்கிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன். மொட்டை மாடிக்குப் போய் ஏரியைப் பார்க்கிறேன், இறங்கி வந்து மறுபடி போனைப் பார்க்கிறேன். என்னைப் பார்த்து உன் மச்சானுக்குத் தலை சுற்றுகிறதாம்.

முன்மாதிரியின் இணைப்பு கீழே இருக்கிறது. எழுத்துப் பெரிதாக இருக்கிறது, பின்னால் வெள்ளை, ஓட்டம் கிடையாது, மின்னல் கிடையாது. தேவராஜ் சாருக்கு ஒரே ஒரு சால்வை மட்டும் அனுமதித்தேன். ‘செய்யக்கூடாதவை’ பக்கம் பழையதில் நன்றாக இருந்ததால் அதை அப்படியே பெயர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்து எழுது.

அக்கா
சாராள்

---

மஸ்கட்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபம் ஒன்றும் இல்லை. ஓவர்டைம்.

புதியது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. எழுத்து என் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. சாவிக்கொத்து, கரண்டி, வெங்காயம் என்று படம் போட்டிருக்கும் பக்கத்தைப் பழையபடியே விடப்போகிறீர்களா? கரண்டியை வாயில் வைத்தால் பல் போய்விடாதா? சாவியாவது பரவாயில்லை, நம் ஊர்ப் பழக்கம்தான். எங்கள் அறையில் ஒருவன், படித்தவர்கள் நடத்துகிற இடமே சொல்கிறதே என்று தலையணைக்கடியில் இரும்பு ஸ்பானர் வைத்துக்கொண்டு பல மாதமாகத் தூங்குகிறான். வருகிற மாதிரி இருந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அதனால் நின்ற மாதிரி தெரியவில்லை என்கிறான்.

அந்தத் திருவேற்காட்டு வேன்காரனை உள்ளே போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவன் என்ன ஆனான்?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

யூஜின்

---

கொரட்டூர்
3 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்பு மாட்டாமல் நாலாவது மாடிக்கு ஓடினேன். ரோஷினியின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. சாவிக்கொத்தின்மேல் பெரிய சிவப்பு இன்ட்டு. கரண்டியின்மேல் இன்ட்டு. வெங்காயத்தின்மேல் இன்ட்டு. பிறகு உன் மச்சானின் பழைய போனில் திறந்தோம். சாவிக்கொத்து இருக்கிறது, இன்ட்டு இல்லை. அந்த இன்ட்டு தனியாக மேலே மிதக்கிற படமாம், மலிவான போன்களில் அது வந்து சேர்வதில்லையாம். தலைப்பும் ஒரு படம்தான், அதுவும் வரவில்லை. ஆக, நல்ல போன் வைத்திருப்பவர்களுக்கு ‘இதைச் செய்யாதீர்கள்’ என்றும், மற்றவர்களுக்கு ‘வாயில் கரண்டி வையுங்கள், வெங்காயத்தை முகரக் கொடுங்கள்’ என்றும் நாங்கள் வருஷக்கணக்கில் உபதேசம் செய்திருக்கிறோம். தேவராஜ் சாரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தவர், “எத்தினி பேரு பல்லு போச்சோ” என்று மட்டும் சொன்னார். இன்று அவர் சென்ட் போட்டிருந்ததே தெரியவில்லை.

இன்றே அதை எடுத்தாயிற்று. இப்போது படம் கிடையாது, எழுத்துதான்: இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். சபீனாவின் போன் அதைத் தடுமாறாமல் வாசிக்கிறது.

ஸ்பானர் வைத்திருக்கிற உன் நண்பனிடம் சொல். இரும்பு எதையும் நிறுத்தாது. வலிப்பு வந்தால் அந்த ஸ்பானர் மண்டையில்தான் படும். அதை எடுத்துத் தூர வைத்துவிட்டு டாக்டரிடம் போகட்டும்.

யூஜின், நான் உனக்கு அந்தப் பழைய வெப்சைட்டின் முகவரியை அனுப்பவே இல்லை. இறந்தவர்கள் எண்ணிக்கை சிவப்பில் இருப்பதையும் சொல்லவில்லை. ஜூன் மாதமே அதை நீ எழுதினாய். பால்கனியிலிருந்து ஊரையே கணக்கெடுக்கிறவளுக்கு இது இப்போதுதான் உறைக்கிறது. வலிப்பில் நாக்கு கடிபடும் என்று தெரிந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நாக்குப் புண்ணுக்குக் கீரை சொன்னேன் பார்.

கேட்க வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. கேட்டால் ‘நலம்’ என்பாய். அதனால் கேட்கவில்லை.

வேன்காரர் என்ன ஆனார் என்று கேட்டாய். மறுமாதமே வந்தார். வேனை முதலாளியிடம் விட்டுவிட்டாராம். கோயம்பேட்டில் காய்கறி மண்டியில் எடை போடுகிறார். மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு வாரமாக ஒன்றும் வரவில்லை என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவரை நடித்துக் காட்டியதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “மேடம், நீங்க அன்னிக்கித் திட்னது சரிதான். ஆனா திட்டுக்குப் பயந்துதான் அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் வராம இருந்தேன்” என்றார். அதற்குப் பிறகு என் டீயை நான் குடிக்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘வலிப்பு வந்தால் வண்டி ஓட்டாதீர்கள்’ என்று ஆரம்பித்திருக்கிறேன். உன் நண்பனிடம் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது. நலமாக இரு.

அக்கா
சாராள்

---

மஸ்கட்
28 செப்டம்பர் 2024

அக்கா,

நலமா. இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

நண்பனிடம் காட்டினேன். முதல் வரியிலேயே மூடிவிட்டான். ‘ஓட்டாதீர்கள்’ என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் தினமும் ஸ்டியரிங்கில் உட்காருகிறான். நிறுத்தினால் மறுநாள் காலை அவன் எங்கே போய் நிற்பான், யாரிடம் என்ன சொல்வான், அது உன் பக்கத்தில் இல்லை. இவன் வந்து இத்தனை வருஷமாக டிரைவர். வேறு ஒன்றும் தெரியாது. லைசென்ஸில் டாக்டர் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

வியாழக்கிழமை சைட்டுக்குப் போகிற வழியில் கண் முன்னால் ஒரு நெளிவு வந்ததாம், வாயில் இரும்புச் சுவை. வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்குமாம். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, டயரில் காற்று இல்லை என்று சொல்லி இறங்கிவிட்டான். டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்தவர்களும் இறங்கி வந்து அவனோடு சேர்ந்து அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டயர் நன்றாகத்தான் இருந்தது. ஒருவன்கூட அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு வரவில்லை, போய்விட்டது. மறுபடி ஏறி ஓட்டினான்.

அவனுக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். அவளிடம் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தானாம். சொன்னால் அவள் அழுவதற்கு முன்னால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் அழுவாள் என்கிறான்.

யூஜின்

---

கொரட்டூர்
28 செப்டம்பர் 2024

ஸ்பானர்காரருக்கு,

நீங்கள் சொன்னது சரி. பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ரோஷினி இப்போதுதான் ஏற்றினாள். உங்கள் போனில் வராமல் போய்விடப் போகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

‘நீங்கள் வண்டி ஓட்டுபவரா? உட்காருங்கள். இந்தப் பக்கம் உங்கள் பெயரைக் கேட்காது.

உங்களுக்கு வருவது சாபமும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளையில் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடுகிறது. மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அடங்குகிறது.

இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று இங்கே யாரும் திட்டமாட்டார்கள். முன்பு திட்டியிருக்கிறோம். இனி இல்லை.

இன்று முதல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். இந்த ஒரு சவாரி மட்டும் என்று வேண்டாம். காலையில் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இதைச் சொல்லுங்கள்: எனக்கு உடம்பு சரியில்லை, இன்று ஓட்ட முடியாது. இது உண்மைதான். மீதியை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டாரை விட்டுத் தனியாக இருக்கிறவரா? கட்டிலில் படுக்காமல் தரையில் மெத்தை போட்டுப் படுங்கள். கதவைத் தாழ் போடாதீர்கள். அறையில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

வேலை போகலாம். போகாது என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். ஆனால் உங்கள் பின்னால் தூங்குகிறவர்கள் உங்களை நம்பித்தான் தூங்குகிறார்கள். நீங்களும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.’

இவ்வளவுதான் பக்கம். தேவராஜ் சார் வாசித்துவிட்டு, இந்தப் பக்கத்தின் மேலே தன் படத்தை வைக்க வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

உங்கள் அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் இதை யாரிடமும் சொல்லமாட்டாள். அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலைதான். மாட்டாள்.

நாளைக் காலை பஸ்ஸை எடுக்காதே தம்பி.

சாராள்

---

கொரட்டூர்
6 அக்டோபர் 2024

யூஜின்,

நலமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மஸ்கட் பஸ் விபத்து என்று இன்டர்நெட்டில் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? மறுபடி தேடுகிறேன். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம், பக்கத்தில் இருந்தவர் திருப்பிக் கொடுத்தார். உன் மச்சான் என்ன விஷயம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

ஒரு வரி எழுது. ‘நலம்’ என்றாவது எழுது.

அக்கா

---

மஸ்கட்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழுக்க நலம் இல்லை. தேறிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை ஃபோர்மேனிடம் போய், நீ எழுதியபடியே சொன்னேன்: எனக்கு உடம்பு சரியில்லை, இன்று ஓட்ட முடியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார், சரி, போய்ப் படு என்றார். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. இதைச் சொல்லத்தான் ஏப்ரலிலிருந்து பயந்தேன். அதற்கு மறுநாள் மீதியையும் சொன்னேன். அப்போது அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கத்தினார், கத்த வேண்டியதுதான். பிறகு அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள், தலையில் கம்பிகள் ஒட்டி ஏதோ பார்த்தார்கள். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது அக்கா. காலையிலும் இரவிலும் மாத்திரை. முதல் வாரம் தூக்கமாக வந்தது, அதனால்தான் எழுதவில்லை. அதனால் மட்டும் இல்லை, எழுத வெட்கமாகவும் இருந்தது.

முதல் தடவை வந்தது குளியலறையில். யாருக்கும் தெரியாது. போனில் தமிழில் தேடினேன், உங்கள் அறக்கட்டளைதான் வந்தது. மின்னியது, மூடினேன், மறுபடி திறந்தேன், சாவிக்கொத்தைப் பார்த்தேன். ஜூன் மாதம் உன் கடிதத்தில் அதே பெயரைப் படித்ததும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உலகத்தில் வேறு ஆபீஸே கிடைக்கவில்லையா உனக்கு?

இப்போது ஸ்டோரில் இருக்கிறேன். ஹெல்மெட், கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கமாட்டார்கள். வந்துவிடுவேன். காலையில் என் பஸ்ஸிலேயே மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து சைட்டுக்குப் போகிறேன். புது டிரைவருக்கு வளைவில் பிரேக் போடத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை மிதிக்கிறது. பக்கத்தில் இருப்பவன் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். நேற்று நானும் தூங்கிவிட்டேன்.

ஜெபிஷாவுக்கு இன்னும் தெரியாது. போனில் ஆரம்பிக்கிறேன், முடிக்க வரவில்லை. நீ போய்ச் சொல். மற்றவர்களுக்கும் நீயே சொல்லிவிடு. ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, உனக்கு அதில் நல்ல வேகம்.

தம்பி
யூஜின்

---

கொரட்டூர்
17 அக்டோபர் 2024

அன்புத் தம்பி யூஜினுக்கு,

இங்கே நலம். நீ மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாயா? சோறு சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடு. ஒரு நாள்கூட நிறுத்தாதே, நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள் என்று எங்கள் புதுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

எல்லோருக்கும் சொல்லிவிடு என்றாய். இப்படி ஓர் அனுமதி என் ஆயுளில் யாரும் கொடுத்ததில்லை. பால்கனியில் போய் நின்றேன். கீழ் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, என்னக்கா விசேஷம் என்றாள். வெயில் அதிகம் என்றேன். உன் மச்சானிடம் மட்டும் சொன்னேன். அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, ஜனவரியில் ஏர்போர்ட்டுக்கு நான்தான் போவேன் என்றார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட அந்த மனிதர் டி.வி.யை அணைக்கச் சொன்னதில்லை.

நேற்று பூந்தமல்லி போனேன். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். போய் உட்கார்ந்ததும் ஒத்திகை எல்லாம் போய்விட்டது. முருங்கைக்காய் விலை பேசினேன். புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமியாரைப் பற்றி நானே கேட்டேன், அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. இரண்டாவது காபியும் வந்துவிட்டது. ஜெபிஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அண்ணி, நீங்க இவ்ளோ நேரம் யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. அவருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், அலங்காரம் எதுவும் இல்லாமல். அவள் அழவில்லை. இப்போ பஸ்ஸை ஓட்டுவது யார் என்று முதலில் கேட்டாள். வேறு ஆள் என்றேன். கீழே விழுந்து அடிபட்டதா என்று கேட்டாள். நாக்கு மட்டும் என்றேன். அதற்கு அப்புறம் டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள். “ஆறு மாசமா ‘சாப்ட்டியா’ன்னு என்னயவே கேட்டுகினு இருந்தாரு, அண்ணி” என்றாள். பிறகு போனை எடுத்தாள். “நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?” என்றாள்.

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினாள். ஜன்னல் திறந்திருந்தது, அது அவளுக்கு நினைவில்லை. அவள் உன் பெயரைச் சொல்வது கேட்டது. பெயர் சொல்லி அவள் உன்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும், அந்த மாதிரி ஒரு ஜன்னலுக்காக நான் மூட்டு வலியோடு முக்கால் மணி நேரம் நிற்பேன். நான் வாசற்படி இறங்கினேன். தெருவில் இறங்கியும் குரல் கேட்டது. தண்ணீர் லாரி நிற்கிற இடம் தாண்டி, மெயின் ரோட்டில் பஸ் சத்தத்தில் எதுவுமே கேட்காத இடம் வரைக்கும் நடந்துபோய் நின்றுகொண்டேன்.

நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. எழுத வேண்டாம்.

உன் அக்கா
சாராள்